பாலில்லாத ஓட்டல்

கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ பூனாவிலிருந்து பேசியபோது, போன் இருக்கிற பக்கத்து வீட்டுக் கூடம் நிறைய ஆட்கள். டிவியில் படம் ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் நீ ஜெர்மனிக்குப் போவது முடிவாகிவிட்டது என்று சொன்னபோது, "செரி கண்ணு, செரி கண்ணு" என்பதற்கு மேல் எனக்கு வார்த்தை வரவில்லை. அந்த ஊரில் சைவம் என்று சொன்னால் மீனைக் கொண்டுவந்து வைப்பார்களாம், கூட வேலை செய்கிறவன் பயமுறுத்துகிறான் என்று சிரித்தாய். ஒற்றை ஆள் செய்து சாப்பிடுகிற மாதிரி நாலைந்து சமையல் எழுதி அனுப்பச் சொன்னாய். அதற்குத்தான் இன்று மத்தியானம் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அரிசிம்பருப்புச் சாதம் எழுதி முடித்தேன். தக்காளிக் குழம்பு எழுதினேன். அடுத்தது மோர்க்குழம்பு என்று எழுதிவிட்டு அப்படியே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சமையலை வேறு தாளில் எழுதி இதோடு வைக்கிறேன். இந்தத் தாள்களில் எழுதுவது வேறு விஷயம். உனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டியது.

நீ போனை வைக்கும் முன்பு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்பதில்லை. வருஷக்கணக்காக அப்படித்தான். நானாக "அப்பா நல்லா இருக்காரு" என்று சொன்னால் "ம்" என்பாய். உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. உனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நீ ஒரு முடிவுக்கு வர முடியும்? உனக்குத் தெரிந்த உங்கப்பா, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டலில் ஒருநாள் காரணமே இல்லாமல் பாலை நிறுத்தி, தொழிலையும் கெடுத்து, காப்பி மாஸ்டரையும் வெளியே அனுப்பிய பிடிவாதக்காரர். பிடிவாதக்காரர்தான், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் காரணம் இருந்தது. அது எனக்குத் தெரியும். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் கேட்டுக்கொண்டார். நான் கேட்டு நடந்தேன். இப்போது நினைத்தால் அந்த ஒரு விஷயத்தில் அவர் பேச்சைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

காந்திபுரத்தில் நம் ஓட்டல் இருந்த நாட்களில் காலை ஆறு மணிக்கெல்லாம் வாசலில் ஆள் நிற்கும். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள், மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்தவர்கள், துணிக்கடை ஆட்கள். இட்லியும் பொங்கலும் சுமார்தான், அடுத்த தெருவில் இதைவிட நன்றாகப் போடுகிற ஓட்டல்கள் இருந்தன. நம்மிடம் கூட்டம் வந்தது வேலுச்சாமி மாஸ்டர் போட்ட காப்பிக்காக. பெரியநாயக்கன்பாளையத்துக்குப் பக்கத்தில், தலைமுறை தலைமுறையாகத் தோட்டங்களில் கூலிக்குப் போன குடும்பம் அவருடையது. மேஜை துடைக்கத்தான் நம் ஓட்டலில் சேர்ந்தார். ஒருநாள் காப்பி போடுகிறவர் வராமல்போக, உங்கப்பா இவரைப் பாய்லர் முன்னால் நிறுத்தினார். மறுநாள் பழைய ஆள் திரும்பி வந்தபோது வாடிக்கையாளர்கள் நேற்றுப் போட்டவரைக் கேட்டார்கள். அதிலிருந்து அவர்தான் மாஸ்டர். பெருந்துறையிலிருந்து வந்த நம் பங்காளி ஒருத்தர், "ஏப்பா, அந்த ஊட்டு ஆளையா காப்பி போட வெச்சிருக்கறே? நாலு பேரு கேட்டா என்ன சொல்லுவே?" என்று கேட்டார். நான் அங்கேதான் நின்றிருந்தேன். உங்கப்பா, "நாலு பேரும் வந்து குடிச்சுப் பாத்துட்டுக் கேக்கட்டும்" என்றார். அந்தப் பங்காளி அதற்குப் பிறகு நம் ஓட்டல் படியை மிதிக்கவில்லை. உங்கப்பா அதைப் பெரிதாக நினைக்கவுமில்லை. நீ பள்ளிக்கூடம் விட்டு நேராக ஓட்டலுக்கு வந்து பாய்லர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வாய். மாஸ்டர் உயரத் தூக்கி ஆற்றுவதை வாய் பிளந்து பார்ப்பாய். நுரையை மட்டும் தனியாக ஒரு டம்ளரில் வாங்கிக் குடிப்பாய்.

நீ ஏழாவது படித்த வருஷம், சோமனூரில் ஒரு விடியற்காலைக் கல்யாணத்துக்கு நானும் அவரும் போயிருந்தோம். திரும்பி வரும்போது, நமக்குப் பால் ஊற்றுகிற பண்ணைக்காரரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வண்டியைத் திருப்பினார். கொஞ்ச நாட்களாகப் பால் தண்ணீராக இருக்கிறது என்று மாஸ்டர் சொல்லிக்கொண்டிருந்தார். நாங்கள் போனபோது பண்ணைக்காரர் கறந்துகொண்டிருந்தார். மாட்டின் முன்னால் ஒரு கன்று நின்றிருந்தது. கிட்டப் போனபிறகுதான் எனக்குத் தெரிந்தது, அது செத்துப்போன கன்றின் தோல். உள்ளே வைக்கோலை அடைத்துத் தைத்து, நாலு குச்சியில் நிறுத்தியிருந்தார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பால் சுரந்தது. உங்கப்பாவுக்கு இது புதிதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், சிறுவயதில் எத்தனையோ தடவை பார்த்திருப்பார். பால் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டார். பண்ணைக்காரர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "உங்க ஓட்டலுக்குக் கேக்கற அளவுக்குக் குடுக்கோணுமுங்களே. கன்னுக்கு உட்டா உங்களுக்கு எங்கீங்க பத்தும்? காளங்கன்னு பொறந்தா நாங்க உடறதே இல்லீங்க, ரெண்டு மூணு நாள்ல அதுவே போயிருமுங்க" என்றார். வஞ்சகமாகச் சொல்லவில்லை. தொழில் பேச்சு. அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மாடு நக்கி நக்கி, தோலின் தையல் ஒரு பக்கம் விட்டுவிட்டது. உள்ளே இருந்த வைக்கோல் கொஞ்சம் வெளியே வந்தது. மாடு அதைக் கடித்து இழுத்து மெல்ல ஆரம்பித்தது. தன் கன்றின் வயிற்றிலிருந்து.

உங்கப்பா வண்டியை எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் நான் காப்பி கொடுத்தேன். கையில் வாங்கினார், வாய் வரைக்கும் கொண்டுபோனார், வைத்துவிட்டார். அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியே. ஓட்டலில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவர், பால் கேன் வந்து இறங்கும் நேரத்துக்கு எழுந்து வெளியே போய்விடுவார். ஒரு வாரமோ பத்து நாளோ கழித்து என்னிடம் சொன்னார், ஓட்டலில் பால், தயிர், நெய் எல்லாவற்றையும் நிறுத்தப்போவதாக. நான் சண்டை போட்டேன். பால் இல்லாமல் இந்த ஊரில் எந்த சைவ ஓட்டல் நிற்கும் என்று கேட்டேன். "தெரியல. என்னால அதை வித்து உக்காந்திருக்க முடியல" என்றார். அப்படியானால் காரணத்தை நாலு பேருக்குச் சொல்லுங்கள், மனுஷர்கள் புரிந்துகொள்வார்கள் என்றேன். அதற்கு அவர் சொன்னதுதான் நான் இத்தனை வருஷம் உள்ளே வைத்திருந்தது. "யாருகிட்டயும் சொல்ல வேண்டாம் அம்மணி. பையங்கிட்ட மட்டும் சொல்லவே சொல்லிப்போடாதே. சொன்னா அப்பறம் அவனுக்கும் தொண்டையில எறங்காது. வளர்ற பையன், அவன் குடிக்கட்டும். எனக்கு எறங்கலீன்னா அது என்ற பாடு. ஊட்டுக்குப் பாக்கெட் பாலு வாங்கிக்க."

உனக்கு நினைவிருக்கும், வீட்டில் பாக்கெட் பால் வாங்கினேன். நீதான் தொடவில்லை. "ஓட்டல்ல ஊத்தாத பாலை ஊட்டுல எதுக்கு ஒளிச்சு வெச்சுக் குடுக்கறீங்க?" என்று டம்ளரைத் தள்ளிவிட்டாய். அப்போது உங்கப்பா திண்டில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பேப்பரை இறக்கவில்லை. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், சொல்லிவிடட்டுமா என்று. அவர் பக்கத்தைத் திருப்பினார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

மாஸ்டரிடம் அவர் சொன்ன விதமும் சரியில்லை. சாயங்காலம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கூப்பிட்டு, "வேலுச்சாமி, நாளையில இருந்து பாலு வராது. சுக்குக் காப்பி, வரக்காப்பி போட்டுக்கலாம்" என்றார். மாஸ்டர் சிரித்தார், விளையாட்டுப் பேச்சென்று நினைத்து. பிறகு, "ஏனுங்க மொதலாளி, பாலில்லாம காப்பி யாருங்க குடிப்பாங்க? ஏதாச்சும் வேண்டுதலுங்களா? எத்தன நாளைக்குங்க?" என்று கேட்டார். "வேண்டுதலெல்லாம் இல்ல. இனி அப்பிடித்தான்." அவ்வளவுதான் பேச்சு. மாஸ்டர் போய் பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். அன்றைக்கு அதைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தன் வேலையில் ஏதோ குறை கண்டுபிடித்துத்தான் முதலாளி இப்படிச் சொல்கிறார் என்று அவர் நினைத்ததாக ரொம்ப நாள் கழித்து எனக்குத் தெரிந்தது. கூட வேலை செய்கிற மனுஷனிடம், அதுவும் அவன் கையிலிருந்து வேலையை எடுக்கும்போது, காரணத்தைச் சொல்லாமல் விடாதே கண்ணு. நல்ல காரணமாக இருந்தாலும் சொல்லாவிட்டால் எதிரில் இருப்பவன் தனக்குத் தெரிந்த கெட்ட காரணத்தைப் போட்டு நிரப்பிக்கொள்வான்.

அப்புறம் நடந்தது நீ பார்த்ததுதான். காலைக் கூட்டம் ஒரே மாதத்தில் கரைந்துவிட்டது. வந்தவர்கள் இட்லி சாப்பிட்டுவிட்டுக் காப்பிக்கு அடுத்த கடைக்குப் போனார்கள், பிறகு இட்லியையும் அங்கேயே சாப்பிட்டார்கள். மாஸ்டர் சில மாதங்கள் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு நின்றார். கை சும்மா இருப்பது அவரால் தாங்க முடியவில்லை. எதிர்ச்சாரியில் இருந்த பேக்கரியின் முன்பக்கம் டீ காப்பி போட இடம் கிடைத்தது. உங்கப்பாவிடம் வந்து, "நான் அக்கட்டால போய்க்கட்டுங்களா மொதலாளி?" என்று கேட்டார். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தார் போல. உங்கப்பா, "நல்லாப் பண்ணுங்க" என்றார். அந்த பாய்லரையே தூக்கிக்கொண்டுபோகச் சொன்னார். மாஸ்டர் அதை வாங்க மாட்டேன் என்றார். உங்கப்பா ஆள் வைத்து எடுத்துக்கொண்டுபோய் அங்கே இறக்கினார். தெருவே பார்த்துச் சிரித்தது. காப்பிக் கடையைத் தன் கையாலேயே எதிரில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தவர் என்று.

உன்னைப் பள்ளிக்கூடத்தில் 'பாலில்லா ஓட்டல்' என்று கூப்பிட்டார்கள். நீ அழுதுகொண்டு வரவில்லை, அது உன் சுபாவமில்லை. ஆனால் ஓட்டல் பக்கம் வருவதை நிறுத்திவிட்டாய். பள்ளி விட்டதும் பேக்கரிக்குப் போய் மாஸ்டரிடம் காப்பி குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவாய். எனக்குத் தெரியும். அம்மாவுக்குப் பால் வாசனை தெரியாதா. அப்பாவுக்குத் தெரியாது என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

ஓட்டல் உடனே மூடிவிடவில்லை. அந்த மூன்று வருஷங்களையும் வீண் என்று நீ எண்ணாதே. அதில் எனக்குச் சந்தோஷமான நாட்களும் உண்டு. தேங்காய்ப் பாலில் அவியல், கருப்பட்டிப் பாயசம், கம்மஞ்சோறு, கொள்ளு ரசம், எள்ளுச் சாதம் என்று உங்கப்பா ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். நிலக்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, அதில் பச்சைமிளகாய்க் காம்பைக் கிள்ளிப் போட்டுத் தயிராக்கப் பார்த்தார். முதல் நாள் வந்த நாற்றத்தில் நான் பின்கட்டுக் கதவைத் திறந்துவைக்க வேண்டியிருந்தது. அவரும் நானும் அன்றைக்குச் சிரித்த மாதிரி அதற்குப் பிறகு சிரித்ததில்லை. அப்புறம் அது நன்றாகவே வந்தது. ஆஸ்பத்திரியில் பாலும் நெய்யும் கூடாது என்று சொல்லியனுப்பியவர்கள் வந்தார்கள். சமைக்காத உணவு சாப்பிடுகிற கூட்டத்தார் சிலர் வந்தார்கள். பீளமேட்டிலிருந்து ஒரு ரிட்டயர்டு வாத்தியார் தினமும் பஸ் பிடித்து வந்து கம்மஞ்சோறு சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்கு நல்லாருக்குதுங்க" என்பார். ஒரு ஓட்டல் ஓடுவதற்கு அது போதாது. நீ ஜெர்மனியில் போய்க் கேட்டால் பாலும் முட்டையும் சேர்க்காமல் சாப்பிடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் சொல்கிறாள். அவள் அண்ணன் அங்கே படித்தவன். அந்த மாதிரிக் கடை ஒன்று உன் கண்ணில் பட்டால் உள்ளே போய் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார். யார் நடத்துகிறார்கள், ஏன் நடத்துகிறார்கள் என்று கேள். உங்கப்பாவிடம் அந்தக் கேள்வியை யாருமே கேட்கவில்லை.

நீ பத்தாவது எழுதி முடித்த கோடையில் ஓட்டலை மூடினோம். வீட்டில் கொண்டுவந்து போட்டிருந்த பெஞ்சுகளை விற்று வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது நீ பாலிடெக்னிக் ஹாஸ்டலுக்குப் போகத் துணிமணி எடுத்துவைத்துக்கொண்டிருந்தாய். அவர் உன் அறை வாசலில் வந்து நின்று, ஹாஸ்டலில் சாப்பாடு எப்படி என்று விசாரித்தாயா என்று கேட்டார். அதற்கு நீ சொன்னதை நான் எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாமல் போனால் மற்றது புரியாது. "பாலும் தயிரும் போடுவாங்களாமா. அது போதும்" என்றாய். அவர் போகாமல் நின்றதும், "மாஸ்டரு மாதிரி ஒரு மனுசன் எனக்கு அப்பனா இருந்திருந்தா நான் எதுக்கு ஹாஸ்டலுக்குப் போறேன்?" என்றாய். பதினைந்து வயசுப் பையன் பேசின பேச்சு. அவர் உன்மேல் கோபப்படவில்லை. வாசலில் வந்து வண்டிக்காரரிடம், அந்தப் பெஞ்சைத் தலைகீழாக வைத்தால் கால் உடையும், திருப்பி வை என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து நீ அவரிடம் பேசவேண்டியதெல்லாம் என் மூலமாகவே பேசினாய்.

இப்போது அவர் செய்யும் வேலை உனக்குத் தெரியும். பெருந்துறையில் ஒரு கம்பெனிக் கேன்டீனில் சூப்பர்வைசர். வாரம் முழுக்க அங்கேயே தங்கி, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருகிறார். காலையும் மாலையும் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குப் பால் விட்ட டீ அவர் மேற்பார்வையில்தான் போகிறது. மத்தியானம் மோர். இது உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா என்று ஒருதடவை கேட்டேன். "மெஷின்ல நின்னுட்டு வர்றவங்க. அவங்களுக்கு என்ன வேணுமோ அதைக் குடுக்கோணும்" என்றார். தான் மட்டும் வரக்காப்பி குடிக்கிறார். அங்கேயும் யாருக்கும் காரணம் தெரியாது. வயிறு சரியில்லாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

மாஸ்டர் தவறிப்போன செய்தி சொன்னபோது நீ போனில் அழுதாய். லீவு கிடைக்கவில்லை என்று வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து கூட்டம் ஓய்ந்த பிறகு, போன மாதம், நானும் அப்பாவும் பெரியநாயக்கன்பாளையத்துக்கு அவர் வீட்டுக்குப் போனோம். அவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. மாஸ்டர் சம்சாரம் மயிலாத்தாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். பேசிக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள். தட்டில் ஒரு டம்ளர்தான் இருந்தது. என்னிடம் நீட்டினாள்.

"அவியளுக்கு?" என்றேன் நான்.

"அவிய நம்மூட்டுல குடிக்க மாட்டாங்கக்கா. எதுக்கு வெச்சுச் சங்கடப்படுத்தோணும்னுதான் போடலீங்க" என்றாள். இயல்பாகத்தான் சொன்னாள்.

உங்கப்பா நிமிர்ந்து பார்த்தார். "ஏனுங்க அம்மணி அப்பிடிச் சொல்றீங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க. கடைக்கு எத்தன தடவ வந்திருப்பீங்க. பையன் வர்றதுக்கு முன்னாடி வந்து, அவனுக்குத் தண்ணி கலக்காத பால்ல போட்டுக் குடுங்க, காசு அவங்கிட்ட வாங்காதீங்க, நான் சொன்னதாத் தெரிய வேண்டாமுன்னு சொல்லீட்டுப் போவீங்க. என்ற ஊட்டுக்காரர் ஒவ்வொருக்காவும் உக்காருங்க உக்காருங்கன்னு கெஞ்சுவாரு. வரக்காப்பியாச்சும் குடிங்கம்பாரு. ஒரு வாய் தண்ணிகூடக் குடிச்சதில்லீங்க. இந்த ஊட்டுக்குப் பால் காய்ச்சினப்பவும் வந்தீங்க. நெறைய செய்மொறை செஞ்சீங்க, கை நனைக்காமப் போயிட்டீங்க. எங்களுக்கு அது பழக்கமுங்க. எங்கூர்ல தோட்டத்துக்காரங்க அல்லாரும் அப்பிடித்தானுங்க. நீங்க படியேறி வந்ததே பெருசுன்னு நெனச்சுக்குவோமுங்க."

உனக்குப் பால் கொடுக்கச் சொல்லி அவர் மாஸ்டர் கடைக்கு நடந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நின்று குடித்தால் நேரமாகும், நீ வந்து அவரைப் பார்த்துவிட்டால் அந்தப் பக்கமே வரமாட்டாய் என்று அவர் அவசரமாகத் திரும்பியிருப்பார். பால் காய்ச்சுகிற வீட்டில் எல்லாருக்கும் பால்தானே கொடுப்பார்கள், நல்ல நாளில் வேண்டாம் என்று சொல்லக் கூசிக்கொண்டு கிளம்பியிருப்பார். எனக்கு இதெல்லாம் ஒரு நொடியில் விளங்கியது. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அது எப்படி விளங்கும்?

"வேலுச்சாமியும் அப்பிடித்தான் நெனச்சாருங்களா?" என்று அப்பா கேட்டார்.

மயிலாத்தாள் சொன்னாள். "அவரு வாயத் தொறந்து ஒண்ணும் சொல்ல மாட்டாருங்க. ஒருக்கா நான் பேச்சோட பேச்சாச் சொன்னதுக்கு, மொதலாளி அப்பிடிப்பட்ட ஆளில்லைன்னாரு. அப்பறம் ரொம்ப நேரம் சும்மாவே உக்காந்திருந்தாருங்க."

அப்பா, "எனக்கும் ஒரு டம்ளர் போடுங்க அம்மணி" என்றார்.

"வரக்காப்பிங்களா?"

"இல்லீங்க. அக்காவுக்குப் போட்ட மாதிரியே."

அவள் போட்டுக்கொண்டு வந்தாள். அவர் வாங்கினார். பண்ணையில் பார்த்ததை அப்போதாவது அவளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் தான் பால் குடிப்பதில்லை என்று அவர் சொன்னால், அது சாக்குப்போக்கு மாதிரி அல்லவா அவள் காதில் விழும்? அவர் ஒன்றும் சொல்லாமல் குடித்தார். எத்தனை வருஷம் கழித்துப் பால் அவர் தொண்டையில் இறங்குகிறது என்று நான் மட்டுமே அறிந்து உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு வாயையும் விழுங்கியபிறகு கொஞ்சம் நிறுத்தி அடுத்த வாய் குடித்தார். ஒரு சொட்டு மிச்சம் வைக்கவில்லை. டம்ளரை அவள் கையிலேயே கொடுத்து, "நல்லாருக்குதுங்க" என்றார். மயிலாத்தாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் கழித்துத்தான் வெளியே வந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். கவுண்டம்பாளையம் வந்தது. அப்புறம், என்னைப் பார்க்காமலே, "அவரு இருந்தப்பவே ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "கடைசி வரைக்கும் என்னன்னு நெனச்சுட்டுப் போனாரோ" என்றார். நான், "பையங்கிட்டச் சொல்லிப்போடட்டுங்களா?" என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல வரக்காப்பிதான் கேட்டார். நானும் அதைத்தான் போட்டுக் கொடுத்தேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு நீ பால் குடிப்பதை நிறுத்த வேண்டியதில்லை. அவர் அதற்குப் பயந்துதான் உன்னிடம் மறைத்தார். அந்த ஊர்க் குளிருக்கு நீ சூடாகப் பால் குடிப்பாய் என்றால் எனக்குச் சந்தோஷம், அவருக்கும் சந்தோஷம். நிறுத்தினாலும் சரி. எது செய்தாலும் கூட இருக்கிறவர்களிடம் வாயைத் திறந்து சொல். இந்த வீட்டில் மூன்று பேரும் ஒருத்தருக்கொருத்தர் நல்லது நினைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டே உன் சின்ன வயசைக் கடத்திவிட்டோம். அது இனித் திரும்ப வராது. மாஸ்டரும் வரமாட்டார்.

நீ ஜெர்மனிக்குப் போகும் முன்பு எப்படியாவது லீவு வாங்கிக்கொண்டு வா. சனிக்கிழமை பார்த்து வா. அவர் பெருந்துறையிலிருந்து வருகிற பஸ் காந்திபுரத்தில் வந்து நிற்கும்போது சாயங்காலம் ஆகிவிடும். நீ முன்னாடியே போய் நில். அவருக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. கூட்டத்தில் உன்னைத் தெரியாமல் தாண்டிப் போய்விடுவார். பின்னாலேயே நடந்து வந்துவிடாதே கண்ணு. அப்பா என்று சத்தமாகக் கூப்பிடு. அந்தச் சத்தத்தை அவர் கேட்டு ரொம்ப வருஷமாகிறது.

அம்மா